உப்பு இல்லாத உப்பு

ஐசியூவுக்கு வெளியே பாய் விரித்துக் கிடந்த அந்த நாள்களில் நான் அதிகம் கேட்ட சொல் ‘உப்பு’.

“ஒங்க ஆளுக்கு உப்பு எம்புட்டு இருக்குன்னு சொன்னாவ?”

“நேத்து ரெண்டுன்னாவ. இன்னைக்கு மூணே முக்காலாம்.”

“எங்களுக்கு எறங்கிட்டு தாயி. ஒண்ணு அஞ்சு.”

காலையில் ரிப்போர்ட் வரும் நேரம் தெரியும் எல்லோருக்கும். பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் நகர்வார்கள். நர்ஸ் ஒரு தாளைப் பார்த்து எண் சொல்வார். ஏறியிருந்தால் முகம் சுருங்கும். இறங்கியிருந்தால் யாராவது ஒருவர் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருவார்.

எனக்கு அந்தப் பாய் வாய்த்தது சித்தப்பாவால். வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் கால்வாய்க் கரையில் சரிந்து, டிரெய்லரின் அடியில் அவருடைய வலது தொடை மாட்டிக்கொண்டது. ஜேசிபி வந்து தூக்குவதற்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. எலும்பு முறியவில்லை. ரத்தம்கூடப் பெரிதாகப் போகவில்லை. “ஒண்ணுமில்லடே, காலு மரத்திருக்கு, அம்புட்டுத்தான். ஒரு காப்பி வாங்கிக் குடு” என்றார். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர், காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி எங்களுக்கு விநோதமாக இருந்தது. “ஒண்ணுக்குப் போனாரா? என்ன கலர்ல போச்சு?” டியூப் போட்டதும் பையில் இறங்கியது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது.

அந்த நிறத்துக்கும், மறுநாள் முதல் நாங்கள் காத்துக் கிடந்த ‘உப்பு’க்கும் நடுவில் உள்ள வழி நீளமானது. தசையில் தொடங்கி, பாரிஸ், பாஸ்டன், லண்டன் எல்லாம் சுற்றிக்கொண்டு போகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அந்த வழியில் வருகிறது.

முதலில் பெயர். ஊர் ‘உப்பு’ என்று சொல்வது ரத்தத்தில் உள்ள யூரியாவையும் கிரியாட்டினினையும் சேர்த்துத்தான். இரண்டுக்கும் சமையலறை உப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உர மூட்டையில் வரும் யூரியா பார்வைக்கு உப்புக் கல் மாதிரி இருப்பதால் இந்தப் பெயர் ஒட்டியதோ என்னவோ. பக்கத்துப் பாயில் இருந்த அக்கா, வீட்டுக்காரருக்கு உப்பு ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே தன் சோற்றில் உப்பை நிறுத்திவிட்டார். அவர் கணவருக்கோ அப்போது வாய்வழியாக ஒன்றுமே கொடுக்கவில்லை. எடுத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு, அது அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி என்று தோன்றியதால் மூடிக்கொண்டேன்.

கிரியாட்டினின் பிறக்கிற இடம் தசை. மூட்டை தூக்கவும், பஸ்ஸைப் பிடிக்க ஓடவும் தசைக்கு அந்த நொடியிலேயே சக்தி வேண்டும். அதற்காகக் கிரியாட்டின் என்ற பொருளோடு பாஸ்பேட்டைச் சேர்த்து, முந்தானையில் முடிந்த சில்லறை போல வைத்திருக்கிறது. இந்தக் கிரியாட்டினில் நாளொன்றுக்கு நூற்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தானாகவே உருமாறி உதிர்கிறது. உதிர்ந்ததுதான் கிரியாட்டினின். உடம்புக்கு அதனால் ஒரு உபயோகமும் கிடையாது. ரத்தத்தில் இறங்க வேண்டும், சிறுநீரகத்துக்குப் போக வேண்டும், வெளியேற வேண்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் கிட்டத்தட்ட ஒன்று முதல் இரண்டு கிராம் வரை இப்படி வெளியேற்றுகிறார். பயில்வானுக்குக் கூடுதல், மெலிந்த பாட்டிக்குக் குறைவு. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. இந்த மாறாத குணம்தான் பின்னால் அதற்குச் சாட்சி வேலை வாங்கிக் கொடுத்தது.

கிரியாட்டினை முதலில் பிரித்தெடுத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரல், 1832-ல், இறைச்சிச் சாற்றிலிருந்து. கிரேக்க மொழியில் இறைச்சிக்குக் ‘கிரியாஸ்’ என்று பெயர், அதிலிருந்து வந்தது. (செவ்ரல் 102 வயது வரை இருந்தார். அவருடைய சிறுநீரகத்துக்குக் குறை வந்திருக்காது.) 1847-ல் ஜெர்மனியின் லீபிக், கிரியாட்டினை அமிலத்தோடு காய்ச்சிக் கிடைத்த பொருளுக்குக் கிரியாட்டினின் என்று பெயர் வைத்தார். சிறுநீரிலும் அதே பொருள் இருப்பது அதே காலத்தில் தெரியவந்தது. நம் ஊர்க் கறிக்கடைப் பலகையில் தொடைக்கறியும் குண்டிக்காயும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இதன் பிறந்த வீடு ஒன்று, கடைசி வாசல் இன்னொன்று.

இருக்கிறது என்று தெரிந்தால் போதாது, எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு வழி காட்டியவர் மேக்ஸ் யாஃபே. 1886-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தில் கிரியாட்டினின் சேர்ந்தால் மஞ்சள் மாறி ஆரஞ்சுச் சிவப்பாகிறது. பிக்ரிக் அமிலம் லேசுப்பட்ட சரக்கில்லை. காய்ந்தால் வெடிக்கும், அந்தக் காலத்தில் பீரங்கிக் குண்டுக்குள் அடைத்ததும் இதைத்தான். பரிசோதனைக் குழாயிலோ சாதுவாக இருக்கிறது. ரவைக் கேசரியில் கேசரிப் பவுடர் பரவுகிற மாதிரி, இளமஞ்சளில் ஆரஞ்சு மெல்லப் படர்ந்து ஏறும். கிரியாட்டினின் எவ்வளவு கூடுதலோ நிறம் அவ்வளவு அழுத்தம். 1904 வாக்கில் ஓட்டோ ஃபோலின் இந்த நிறத்தை அளவுகோலாக்கினார். யாஃபே எழுதி ஏறக்குறைய 140 ஆண்டு. என்சைம் முறை வந்துவிட்ட பிறகும், விலை மலிவு என்பதால் யாஃபேயின் ஆரஞ்சு இன்னமும் எத்தனையோ லேப்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காமாலையில் ஏறும் பிலிருபின், சர்க்கரை நோயாளியின் கீட்டோன் போன்ற சில பொருள்கள் இந்த நிறத்தில் தலையிட்டு எண்ணைக் கொஞ்சம் அசைத்துவிடும்.

ஃபோலின் பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவரானார். 1923-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, பின்னர் அந்தத் துறையில் ஆராய்ச்சிக்கு நுழைந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனவர். காந்தியின் சொல் கேட்டுக் கதர் உடுத்தியது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மற்ற பாடங்களில் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுத்துக்கொண்டிருந்துவிட்டுக் கப்பல் ஏறினார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து, உடம்புத் திரவங்களில் பாஸ்பரஸை அளக்கும் ஒரு நிறச் சோதனையை உருவாக்கி, 1925-ல் வெளியிட்டார். அந்தச் சோதனையில் நீலம் வரும். தசைச் சாற்றில் அதையே செய்தபோது நீலம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை. தயங்கித் தயங்கி ஏறியது. கணக்குப் பிசகு என்று வேறு யாராவது குழாயைக் கழுவி வைத்திருப்பார்கள். இவர்கள் அந்தத் தயக்கத்தைத் துருவினார்கள். பாஸ்பேட் எதனோடோ பிணைந்திருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுவதுதான் காரணம் என்று கண்டார்கள். அந்த ‘எதனோடோ’தான் கிரியாட்டின். பாஸ்போகிரியாட்டின் என்று 1927-ல் உலகத்துக்குச் சொன்னார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் எகில்டன் தம்பதியும் தனியாக அதை எட்டிப் பிடித்திருந்தார்கள். நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் தினமும் காலையில் கேட்கும் எண்ணுக்குத் தாய்வீடு எது என்று காட்டியவர்களில் ஒருவர், சென்னையில் முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். இந்திய அஞ்சல் துறை 1995-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. எல்.எம்.எஸ். எம்.பி.பி.எஸ். ஆனதாகத் தகவல் இல்லை.

சரி, உதிர்ந்த கிரியாட்டினின் ரத்தத்தில் மிதந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் அந்த இரண்டு கைப்பிடி உறுப்புகளுக்குள் புகுந்து வெளிவருகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது. அதில் ஏறக்குறைய எல்லாத் தண்ணீரையும், வேண்டிய உப்பையும் சர்க்கரையையும் உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கிரியாட்டினினை மட்டும் திரும்பக் கூப்பிடுவதில்லை. வடிகட்டி நன்றாக இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு 100 மில்லி லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிகிராம் வரை நிற்கும். வடிகட்டி அடைத்தால் தேங்கும், எண் ஏறும். வராந்தாவில் நாங்கள் கேட்டது இந்த எண்ணைத்தான்.

அடிபட்டவன் கதையில் சிறுநீரகம் நுழைந்த விதம் வேறு. அது லண்டன் கதை. 1940-41-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி வீடுகள் சரிந்தபோது, இடிபாட்டுக்குள் மணிக்கணக்காகக் கை கால் நசுங்கிக் கிடந்தவர்களை உயிரோடு எடுத்தார்கள். எடுத்தபோது பேசினார்கள். பெரிய காயமில்லை. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்தது, ஏற்றிவிட்டார்கள். கால் வீங்கிக் கல்லானது. சிறுநீர் கறுத்தது, சுருங்கியது, நின்றது. ஒரு வாரத்துக்குள் செத்துப்போனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இப்படி நான்கு பேரின் கதையை 1941 மார்ச்சில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் சிறுநீரகக் குழல்களில் போய் அடைகிறது என்பதைப் பைவாட்டர்ஸ் பிறகு காட்டினார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வைக்கோல் பாரத்தின் அடியிலிருந்து வந்து காப்பி கேட்ட மனிதரைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

நம் பக்கம் இதற்குப் போர் வேண்டியதில்லை. 2022 மே 14 இரவு, திருநெல்வேலிக்குத் தெற்கே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். மீட்புப் பணி நாள்கணக்கில் நீண்டது. நான்கு பேர் இறந்தார்கள். அந்த மனிதர்களின் ரத்தத்தில் என்ன இருந்தது என்று நான் பேச வரவில்லை. குவாரியும், செங்கல் சூளையும், நான்கு வழிச் சாலையும், சரிகிற டிராக்டரும் உள்ள ஊரில் ‘தூக்கி எடுத்துவிட்டோம், பிழைத்துவிட்டான்’ என்று மூச்சு விடும் நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம் என்பதற்காகச் சொல்கிறேன். பாரத்தை எடுக்கும்வரை நசுங்கிய தசைக்குள் எல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது. எடுத்ததும் ரத்தம் உள்ளே பாய்கிறது. மயோகுளோபினும் பொட்டாசியமும் வெளியே பாய்கின்றன. பொட்டாசியம் நெஞ்சைப் பிடிக்கும், அதுவும் நிமிஷக் கணக்கில். அதனால்தான் முடிந்தால் ஆளைத் தூக்கும் முன்பே நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும் என்கிறார்கள் பேரிடர் மருத்துவர்கள். சித்தப்பாவுக்குச் சலைன் ஏறியது மூன்று மணி நேரமும் ஆம்புலன்ஸ் பயணமும் முடிந்த பிறகு. அதற்கு முன் வலிக்கு ஒரு ஊசி போட்டிருந்தார்கள். போட்டவர் நல்ல மனதோடுதான் போட்டார். தண்ணீர் வற்றிய, அடிபட்ட உடம்பில் டைக்ளோஃபினாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் நாள் ரத்தம் எடுத்து, குழாயை என் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். “குலுக்காமக் கொண்டு வாங்க சார்” என்றார் லேபில் இருந்தவர். குலுக்கினால் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டுமாம். கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தேன். உறைய விட்டு, சுழற்றி, மேலே தெளிந்த வைக்கோல் நிறச் சீரத்தை எடுத்து மெஷினுக்குள் வைத்தார்கள். வந்த எண் 1.1. எனக்கு அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு போன் போட்டு, “கிட்னி நல்லாருக்கு, நார்மல்” என்று சொல்லிவிட்டேன். டாக்டர் தாளைப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. அதே ரத்தத்தில் இன்னொரு எண் இருந்தது, சிபிகே. தசை உடைந்தால் கசியும் என்சைம் அது. 5000-க்கு மேல் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று பயப்படுவார்கள். சித்தப்பாவுக்கு ஐந்து இலக்கம். “இன்னைக்கு கிரியாட்டினினை நம்பாதீங்க, அது லேட்டா வரும்” என்றார்.

எவ்வளவு லேட்? அதை எனக்கு விளங்க வைத்தது திருநெல்வேலிக் குறுக்குத்துறை. அங்கே ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்தால்தான் நெல்லைக்காரன் ‘தண்ணி வந்துட்டு’ என்பான். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது கோயில் என்ன, ஜங்ஷனே மூழ்கியது. சாதாரண வருஷங்களில் குறுக்குத்துறையில் நாம் பார்க்கும் தண்ணீர், மாஞ்சோலை மலையில் நாலுமுக்கிலும் ஊத்திலும் எப்போதோ பெய்த மழை. கோயில் மண்டபத்துக் கோடு பொய் சொல்வதில்லை. ஆனால், அது சொல்லும்போது மலையில் வேலை முடிந்திருக்கும்.

கிரியாட்டினினும் அப்படித்தான். வடிகட்டி இன்று காலை நின்றுபோனாலும், தசை உதிர்ப்பது பழைய வேகத்தில்தான். தேங்கித் தேங்கி, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் எண் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். வடிகட்டும் திறனில் கிட்டத்தட்டப் பாதி போகும்வரை எண் ‘நார்மல்’ கோட்டுக்குள்ளேயே நிற்கவும் கூடும். அடிபட்டவர்களிடம் இன்னும் மோசம். லிட்டர் லிட்டராக ஏறும் சலைனில் அது நீர்த்துப் போகிறது. வாரக்கணக்கில் ஐசியூவில் கிடந்து தசை வற்றியவருக்கு உற்பத்தியே குறைந்துவிடுகிறது. சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் நல்ல பிள்ளையாக இருக்கும்.

மலையிலேயே மழைமானி வைக்க முடியாதா என்று உலகம் தேடியது. சிஸ்டாட்டின்-சி என்று ஒன்று. தசையை நம்பாமல் உடம்பில் உட்கரு உள்ள எல்லாச் செல்களிலிருந்தும் வருவது. அதனால் மெலிந்தவர்களிடம் கிரியாட்டினினை விட நாணயமாகப் பேசும். தைராய்டுக் கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதைக் குழப்பும். அடுத்தது என்கால் (NGAL) என்ற புரதம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். கால் நசுங்கிய மனிதருக்குச் செய்யும் சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் கிடைக்காது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிரசாத் தேவராஜன் குழுவினர், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 71 குழந்தைகளிடம் இதை அளந்து 2005-ல் லான்செட்டில் எழுதினார்கள். சிறுநீரகம் அடிவாங்கிய குழந்தைகளுக்கு இரண்டே மணி நேரத்தில் என்கால் ஏறிவிட்டது. கிரியாட்டினின் ஏற ஒன்று முதல் மூன்று நாள் பிடித்தது. மருத்துவ உலகம் துள்ளியது.

துள்ளல் ஐசியூ வாசலில் கொஞ்சம் அடங்கியது. என்காலைச் சிறுநீரகம் மட்டும் சுரப்பதில்லை, வெள்ளணுக்களும் சுரக்கின்றன. பெரிய விபத்தில் அடிபட்டவருக்கு உடம்பே அழற்சியில் கொதிக்கிறது. கிருமி வேறு சேர்ந்துகொள்ளும். சிறுநீரகம் நன்றாக இருந்தும் என்கால் ஏறலாம். மாஞ்சோலையில் மழை கொட்டினாலும் மணிமுத்தாறு அணை வாங்கிக்கொண்டால் குறுக்குத்துறைக்கு ஒன்றும் வராது இல்லையா, அந்த மாதிரி. அடுத்து, சிறுநீரகச் செல்கள் ஆபத்தை உணர்ந்து பெருகுவதை நிறுத்தும்போது சிறுநீரில் ஏறும் இரண்டு புரதங்களை அளக்கும் சோதனைக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நல்ல சோதனைகள்தான்; விலை அதிகம். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நம் மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு இவை வரட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், மலிவான ஒரு மழைமானி கட்டிலுக்கடியில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்துவிட்டு அவற்றுக்குப் போகலாம்.

மூத்திரப் பையைத்தான் சொல்கிறேன். 2012-ல் வெளியான உலக வழிகாட்டுதல், திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்பதற்கு மூன்று வாசல் வைத்திருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினால் ஒன்று. ஏழு நாளுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானால் இரண்டு. சிறுநீர், கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே ஆறு மணி நேரம் இறங்கினால் மூன்று. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. ஒரு சின்ன டீ கிளாஸில் பாதிகூட இல்லை. நசுங்கல் காயம் என்றால் மணிக்கு 200, 300 மில்லி போக வேண்டும் என்று சலைனை ஏற்றிப் பார்ப்பார்கள். சித்தப்பாவுக்கு முதல் நாள் இரவே 20, 15, 20 என்றுதான் இறங்கியது. இரவு நர்ஸ் மணிக்கு ஒருமுறை குனிந்து, டார்ச் அடித்து, கோட்டைப் பார்த்து எழுதினார். கிரியாட்டினின் அப்போது 1.1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் 2. மூன்றாம் நாள் 3.75. அதற்குள் பொட்டாசியமும் ஏறிவிட்டது. மூன்று முறை டயாலிசிஸ் செய்தார்கள். ஒன்பதாம் நாள் பை நிறையத் தொடங்கியது. நான் கீழே போய் வராந்தாவுக்கே டீ வாங்கி வந்தேன்.

பக்கத்துப் பாய் அக்காவின் கணவருக்கு விபத்தில்லை. பிசான அறுவடையில் கண்ணாடி விரியன் கடி. அந்த விஷமும் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். அதே எண், அதே காத்திருப்பு.

வழிகாட்டுதலில் வரும் அந்த 48 மணி நேரம் என்ற எண்ணில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தமிழக அரசு 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தின் இன்னொரு பெயர் ‘நம்மைக் காக்கும் 48’. சாலை விபத்தில் அடிபட்டவர் யாரானாலும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை. தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் உண்டு. 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸுக்குப் பிறகு விபத்துக்கு நடந்த பெரிய நல்ல காரியம் இதுதான் என்பேன். ரத்தப்போக்கும் தலைக்காயமும் அந்த 48-க்குள் முகம் காட்டிவிடும். கிரியாட்டினினோ அந்த நேரம் முடிகிற வாசலில்தான் வந்து நிற்கும். தனியார் ஆஸ்பத்திரியில் இருந்து, ஹைகிரவுண்டு என்று ஊர் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆளை மாற்றும் நேரமும் பெரும்பாலும் அதுவே. அப்போது கையில் கொடுக்கும் தாளில் முதல் நாள் கிரியாட்டினின், இரண்டாம் நாள் கிரியாட்டினின், மணிவாரியாகச் சிறுநீர் அளவு ஆகிய மூன்றும் எழுதியிருந்தால், வாங்குகிற டாக்டருக்கு வழி தெரியும். 1.4 என்ற ஒற்றை எண் ஒன்றும் சொல்லாது. 0.7-லிருந்து 1.4 ஆனவன் வேறு, பத்து வருஷமாக 1.4-லேயே இருப்பவன் வேறு.

சித்தப்பாவின் டிஸ்சார்ஜ் தாளில் காலைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. என்ன களிம்பு, எத்தனை நாள் கட்டு, எப்போது தையல் பிரிக்க என்று எல்லாம். டயாலிசிஸ் செய்தது ஒரு வரி. கடைசிக் கிரியாட்டினின் எவ்வளவு, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு எழுத்தும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. வராந்தாவில் பழகிய இரண்டு பேரின் தாளையும் வாங்கிப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஒருமுறை இப்படி அடிவாங்கிய சிறுநீரகம் தேறினாலும், பின்னாளில் நிரந்தரமாகப் பழுதாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதற்குக் கூடுதல். மூன்றாம் மாதம் ஒருமுறை பார்த்தாக வேண்டும் என்கிறது அதே 2012 வழிகாட்டுதல்.

சித்தப்பாவை மூன்றாம் மாதம் இழுத்துக்கொண்டு போனேன். “காலு நல்லா நடக்குதுல்லா, பெறவு என்னத்துக்குடே ரத்தம் எடுக்கணும்?” என்று வழியெல்லாம் முனகினார். 1.3 வந்தது. வைக்கோல் பாரத்துக்கு முன்னால் அவருக்கு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. 58 வயது வரை அவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்போது பார்க்கிறோம். வலி ஊசி போட வேண்டாம் என்று சீட்டின் தலையிலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் விபத்தில் அடிபட்டு ஐசியூ பார்த்துவிட்டுத் திரும்பியவர் இருந்தால், பீரோவில் உள்ள டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பாருங்கள். கிரியாட்டினின் எண் இல்லையென்றால் போய்க் கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று மாதம் ஆகியிருந்தால் ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.